கீல் வேண்டாம், கயிறு போதும்: கடற்கரை ஊரில் மாணவர் சிற்றறையை அமைக்கும் முறை

ராமநாதபுரம் கடற்கரைக்குப் படிக்க வருகிறவருக்கு வாய்க்கும் அறை பெரும்பாலும் பத்துக்கு எட்டுதான். கீழக்கரையில் பொறியியல் படிப்பவராக இருக்கலாம், ராமநாதபுரத்தில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவராக இருக்கலாம், மண்டபத்தில் உள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்துக்கு ஆய்வுக்காக வந்தவராகவும் இருக்கலாம். விடுதியில் இடம் இல்லையென்றால் மொட்டைமாடியில் பிற்பாடு எழுப்பிய ஓர் அறையை இருவராகச் சேர்ந்து வாடகைக்கு எடுப்பதே வழக்கம். அந்த 80 சதுர அடியில் உறங்கவும், படிக்கவும், உடுத்தவும், உண்ணவும், துணி காயப்போடவும் வேண்டும்.

சிற்றறைக்கு இடம் மிச்சப்படுத்தச் சொல்லும் யோசனைகள் பெரும்பாலும் மடக்கு மேசை, சுவரோடு மடியும் கட்டில், இழுத்தால் நீளும் நாற்காலி என்றுதான் தொடங்கும். நானும் முதலாம் ஆண்டில் அதை நம்பி, இரும்புக் கால் கொண்ட மடக்கு மேசை ஒன்றை மதுரையில் வாங்கிக் கீழக்கரைக்குச் சுமந்து வந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழி பிறந்தபோது அதன் கீல்கள் இறுகிவிட்டன. மடக்கவும் முடியாமல் விரிக்கவும் முடியாமல், பாதி மண்டியிட்ட ஒட்டகம்போல் நான்கு மாதம் அறையின் நடுவே நின்றது. கடைக்காரர்மேல் குற்றமில்லை, மதுரையில் அது பல வருடம் உழைத்திருக்கும். உப்புக்காற்றில் முதலில் சாவது அசையும் இரும்புதான் என்பதை அந்த மேசையிடம்தான் கற்றேன். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கொள்கையின்மேல் நிற்கிறது: ஒரு பொருள் பல வேலை செய்யவேண்டும், ஆனால் அதற்காகக் கீலையோ, ஸ்பிரிங்கையோ, சக்கரத்தையோ நம்பக்கூடாது. சுருட்டலாம், அடுக்கலாம், தொங்கவிடலாம், செருகலாம்.

1. அளந்து வரைதல்

சாமான் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வரைபடத்தாளில் அறையை வரைந்துகொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கொண்டால் பத்துக்கு எட்டு அறை உள்ளங்கையளவுத் தாளில் அடங்கிவிடும். கதவு திறக்கும் வீச்சு, சன்னலின் அடிமட்டம், சுவிட்ச் பெட்டி, சுவரில் பதித்த கடப்பாக்கல் அலமாரி, பரண், ஏற்கெனவே அடித்திருக்கும் கொக்கிகள் ஆகியவற்றைத் தவறாமல் குறியுங்கள். மேற்குச் சுவர் எது என்பதையும் குறியுங்கள், ஏனெனில் பிற்பகல் வெயிலை வாங்கும் அந்தச் சுவர் இரவு வெகுநேரம்வரை சூட்டை உமிழும், அதை ஒட்டித் தலைவைத்துப் படுத்தவருக்கு உறக்கம் வராது.

இப்போது வழக்கமான முறையில் அறையை நிரப்பிப் பாருங்கள். 6 அடிக்கு 3 அடிக் கட்டில் இரண்டு 36 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். 3 அடிக்கு 2 அடி மேசை இரண்டுக்கு 12. ஒரு பீரோவுக்கு நாலரை. கதவு திறக்க விடவேண்டிய இடம் ஏறத்தாழ 6. மிஞ்சுவது 21 சதுர அடி சொச்சம், அதுவும் துண்டுதுண்டாக. மாணவர் அறைகளில் துணி தரையிலும் புத்தகம் கட்டிலிலும் கிடப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

2. நேரப் பட்டியல்

அடுத்து, ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் எழுதி, எந்த நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். கட்டில் பகல் முழுவதும் சும்மா இருக்கிறது, மேசை இரவில் சும்மா இருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்காவிட்டால் அவை ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்படிப் பங்கிடமுடியாமல் மோதுவது பொதுவாக ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் தூங்க, மற்றவர் தேர்வுக்குப் படிக்கும் நள்ளிரவு. அதற்குத் தீர்வு திரையோ தடுப்போ இல்லை; வெளிச்சத்தைத் தாளின்மேல் மட்டும் விழவைக்கும், கழுத்து வளையும் சிறிய எல்இடி விளக்கு ஒன்று போதும்.

3. கழித்தல்

இது சொல்ல எளிது, செய்யக் கடினம். வீட்டிலிருந்து பையோடு வழியனுப்பும் அம்மா நான்கு போர்வையும் ஆறு பாத்திரமும் சேர்த்துத்தான் கட்டுவார். அவற்றை மறுக்காமல் கொண்டுவாருங்கள். ஆனால் முதல் பருவம் முடிந்து ஊருக்குப் போகும்போது, அந்த ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடக் கையில் எடுக்காதவற்றைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். இருவர் அறையில் பொதுவாக இருக்கவேண்டியவற்றை இரண்டாக வைத்திருக்கவேண்டாம்: ஒரு வாளி, ஒரு துடைப்பம், ஒரு கெட்டில், ஓர் இஸ்திரிப்பெட்டி. தட்டும் தம்ளரும் மட்டும் ஆளுக்கொன்று, ஏனெனில் நட்பு முறியும் இடம் அதுதான்.

சமையலைப் பற்றியும் இங்கேயே முடிவெடுத்துவிடலாம். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே, சண்டிகர் நகரைத் திட்டமிட்ட அதே காலத்தில், 1952-இல் பிரான்சின் தென்கடற்கரையில் தமக்கென்று ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு பக்கமும் 3.66 மீட்டர், அதாவது நம் கணக்கில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அதில் சமையலறையே கிடையாது. ஒட்டியிருந்த உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டார். உட்காருவதற்கு வைத்திருந்ததோ எப்படிக் கவிழ்த்தாலும் நிற்கும் வெறும் மரப்பெட்டி. உலகப் புகழ்பெற்றவருக்கே மெஸ் சாப்பாடு போதுமாக இருந்தது என்றால், 80 சதுர அடியில் அடுப்பு வைக்கலாமா என்று நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. கெட்டிலோடு நிறுத்திக்கொள்வது நலம்.

4. உப்பை அறிந்து பொருள் தேர்தல்

கடற்காற்று கொண்டுவரும் நுண்ணிய உப்புத்துகள் அறைக்குள் எல்லாப் பொருள்மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். காலையில் இரும்புக் கட்டிலைத் தொட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். மழை ஒரு துளிகூடப் பெய்யாத மாதத்திலும் இரும்பு நனைந்த நிலையிலேயே இருக்கிறது. பெயிண்ட் கீறல் விழுந்த இடம், திருகு நுழைந்த துளை, கீலின் உட்பகுதி ஆகிய மறைவான இடங்களில்தான் துரு குடியேறும்.

எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது என்பதும் இங்கே முழு உண்மையில்லை. மலிவான கம்பிகளும் கொக்கிகளும் பெரும்பாலும் 202 என்ற தரத்தில் வருகின்றன. கடலோரத்தில் அவற்றில் சில மாதங்களிலேயே பழுப்புப் புள்ளி விழும். 304 தரம் ஓரளவு தாங்கும். மாலிப்டினம் கலந்த 316 தரம்தான் உப்புக்கு உண்மையில் ஈடுகொடுக்கும், ஆனால் மாணவர் அறைக்கு அந்தச் செலவு அதிகம். காந்தத்தை ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லை, ஆகவே நல்ல சரக்கு என்று கடையில் காட்டுவார்கள். 202 தரத்திலும் காந்தம் பொதுவாக ஒட்டாது என்பதால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. கொக்கி வேண்டுமென்றால் பித்தளையோ கெட்டியான பிளாஸ்டிக்கோ வாங்குங்கள்.

ஒட்டுப்பலகை வாங்கும்போது ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் முத்திரையிட்ட மரைன் பிளைவுட்டைக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சாதாரணப் பலகை மழைக்காலத்தில் ஓரம் உப்பி அடுக்கடுக்காகப் பிரியும். மரைன் பலகையிலும் வெட்டிய ஓரங்களை வார்னிஷ் பூசி அடைக்கவேண்டும், நீர் நுழைவது அந்த ஓரத்தின் வழியாகத்தான். முன்பு மரப்படகுகளுக்கு மீன் எண்ணெய் பூசிப் பாதுகாத்தார்கள் என்று கேள்விப்பட்டு என் அறைத்தோழர் ஒருவர் தம் அலமாரிக்குப் பூசிப்பார்த்தார். மரம் நன்றாகவே இருந்தது. எங்களால்தான் ஒரு மாதம் அறைக்குள் இருக்கமுடியவில்லை.

அடுக்குவதற்குப் பிளாஸ்டிக் கிரேட் எனும் சரக்குப்பெட்டி மிகச் சிறந்தது. நிமிர்த்தினால் பெட்டி, பக்கவாட்டில் சாய்த்தால் புத்தகத் தட்டு, கவிழ்த்தால் இருக்கை. மீன்பிடி இறங்குதளத்தில் பழையது மலிவாகக் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது.

5. இரண்டு பெஞ்சு: அறையின் முதுகெலும்பு

இனிச் சொல்லப்போவதே இந்த அமைப்பின் நடுப்பகுதி. 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒன்றிலிருந்து, ஒரு துண்டுகூட வீணாகாமல், இரண்டு தாழ்ந்த பெஞ்சுகள் செய்யலாம்.

பலகையை நீளவாக்கில் 72 அங்குலத்தில் குறுக்கே வெட்டுங்கள். கிடைப்பவை 72-க்கு 48 அங்குலத் துண்டு ஒன்றும் 24-க்கு 48 அங்குலத் துண்டு ஒன்றும். பெரிய துண்டை 18, 18, 12 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளாக அறுங்கள். 18 அங்குலப் பட்டைகள் இரண்டும் மேற்பலகைகள். 12 அங்குலப் பட்டையை நடுவே பிளந்தால் 6 அங்குல அகலத்தில் இரண்டு நீளச் சட்டங்கள். சிறிய துண்டை 16 அங்குல அகலமும் 12 அங்குல உயரமுமாக ஆறாக வெட்டினால் பெஞ்சுக்கு மூன்றாகக் கால்கள். ரம்பத்தின் வாய் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் தின்னும். எல்லாத் துண்டிலும் அதை ஒரே அளவாகக் கழித்துக்கொண்டால் ஆட்டம் வராது.

ஒவ்வொரு காலின் மேல்விளிம்பிலும் நடுவில் 3 அங்குல ஆழத்துக்கு ஒரு காடி (பலகை செருகும் வெட்டு), நீளச் சட்டத்தின் கீழ்விளிம்பில் மூன்று இடங்களில் அதே ஆழத்துக்கு ஒரு காடி. ஒன்றை ஒன்றுக்குள் செருகினால் சட்டமும் காலும் மேலே ஒரே மட்டத்தில் வந்து நிற்கும். காடியின் அகலம் பலகையின் கனத்துக்குச் சரியாக இருக்கவேண்டும். ஒரு மெல்லிய அட்டை நுழையும் அளவு மட்டும் தளர்வு இருக்கலாம், வார்னிஷ் பூசியபின் அதுவும் மறைந்துவிடும். மேற்பலகை நழுவாமலிருக்க நான்கு இடங்களில் மூங்கில் ஆணி செருகிக்கொள்ளலாம். ஆணியடித்து முடித்துவிடலாமே என்று நான் கேட்டபோது, இதைச் செய்துகொடுத்த ஆசாரி சொன்னார்: “ஆணி அடிச்சா துருப்புடிச்சு மரத்தையும் சேத்துக் கெடுத்துரும் தம்பி. காடி போட்டுக்கங்க, கழட்டித் தூக்கிட்டுப் போகலாம்.”

நின்ற பெஞ்சின் உயரம் ஓர் அடிக்குச் சற்று மேலாக, ஏறத்தாழ பன்னிரண்டரை அங்குலம் வரும். சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கு அதுவே ஏற்ற உயரம். பழைய கடைகளில் கணக்கர் முன்னால் இருந்த சாய்மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் உட்காருவதென்றால் மெத்தையின் ஓரத்தை மடித்து இடுப்புக்குக் கீழே வையுங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்திருந்தால் முதுகு வளையாது. பலகைக்கு அடியில் நடுச்சட்டத்தின் இருபுறமும் எட்டரை அங்குல ஆழத்துக்கு இடம் கிடைக்கிறது. ஏ4 அளவு நோட்டு நிமிர்ந்தபடியே மயிரிழை இடைவெளியில் உள்ளே போகும். சுவர்ப்பக்கம் எப்போதாவது வேண்டியதும் உங்கள் பக்கம் அன்றாடம் வேண்டியதுமாக அடுக்கிக்கொள்ளுங்கள்.

இருவர் அறையில் இரண்டு நீளச் சுவர்களையும் ஒட்டி ஆளுக்கொரு பெஞ்சைப் போடுங்கள். சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விடவேண்டும். கடலோர வீடுகளில், குறிப்பாகச் சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய வீடுகளில், சுவரில் உப்புப் பூத்து உதிரும், ஒட்டி நிற்கும் மரம் அந்த ஈரத்தைக் குடிக்கும். 8 அடி அகலத்தில் பெஞ்சுகள் போக நடுவே ஏறத்தாழ 5 அடி மிஞ்சும். பகலில் அது நடைபாதை, உடுத்தும் இடம், சாப்பாட்டுப் பந்தி. இரவில் ஆளுக்கு இரண்டரை அடியாகப் பாய் விரித்தால் படுக்கையறை. ஊரிலிருந்து அப்பா வந்து தங்குகிற இரவில் இரண்டு பெஞ்சையும் சேர்த்துப் போட்டால் 6-க்கு 3 அடிக் கட்டில் தயார். தனியாக இருப்பவர் நாள்தோறும் அப்படியே செய்துகொள்ளலாம்.

முழங்கால் வலியுள்ளவர் தரையில் உட்கார முயலவேண்டாம். அவர் 29 அங்குல உயரத்தில் சாதாரண மர மேசை ஒன்றும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் வைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

6. படுக்கை

இந்த மாவட்டம் பனைமரத்துக்குப் பேர்போனது. ஓலைப்பாயும் பனையோலைப் பெட்டியும் சந்தைகளில் இன்னும் கிடைக்கின்றன. ஓலைப்பாய் முதுகுக்குக் குளிர்ச்சி, ஆனால் தினமும் சுருட்டினால் மடிப்பில் முறியும். அன்றாடம் சுருட்டி விரிக்கக் கோரைப்பாய் நல்லது. மழைக்காலத்துக்குத் தரையின் ஈரம் ஏறாமல் அடியில் ஒரு நைலான் பாய் வேண்டும். மெத்தை வேண்டுமென்றால் இரண்டு அங்குலக் கனத்தில் இலவம்பஞ்சு மெத்தை போதும். காலையில் அதை இறுக்கிச் சுருட்டிக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டிச் சுவரோடு வைத்தால் சாய்ந்து படிக்கும் திண்டாகிவிடும். வாரம் ஒருமுறை மொட்டைமாடியில் வெயில் காட்டாத மெத்தை கார்த்திகை மாதத்தில் பூஞ்சை மணக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பெருமழை என்பதால் அந்த மூன்று மாதத்தில் வெயில் கண்ட நாளை விட்டுவிடாதீர்கள்.

7. சுவரும் கயிறும்

வாடகை வீட்டில் துளையிட வீட்டுக்காரர் விடமாட்டார், விட்டாலும் சுண்ணாம்புச் சுவரில் ஆணி நிற்காது. ஆகவே ஏற்கெனவே உள்ளவற்றையே பயன்படுத்தவேண்டும்: சன்னல் கம்பி, பரணின் விளிம்பு, பழைய கொக்கி. சன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர்க் கொக்கிக்கு, தலைக்கு மேலே, படகுக்குப் பயன்படும் நைலான் கயிற்றால் ஒரு கொடி கட்டுங்கள். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் எதையும் கட்டாதீர்கள்.

கொடியின் ஒரு பாதி அன்றாட உடைகளுக்கு, மறுபாதி ஈரத்துண்டுக்கு. மூடிய பீரோவைவிட இங்கே தொங்கும் துணியே கெடாமலிருக்கும், காற்றுப்படாத துணியில் ஈரக் காலத்தில் புள்ளி விழுந்துவிடும். விழாக்கால உடையை மட்டும் வேப்பிலை போட்டுப் பெட்டியில் வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு வலைத்துண்டு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் கிழிந்த வலையைத் தைக்கிற இடத்தில் கேட்டால் மூன்று அடி நீளத் துண்டு ஒன்று சும்மாவே கொடுப்பார்கள். நன்றாக நன்னீரில் அலசி, வெயிலில் காயவைத்து, நான்கு மூலையையும் திரட்டிக் கட்டித் தொங்கவிட்டால் அது வெங்காயமும் பழமும் வைக்கிற உறியாகவும், போர்வை வைக்கிற ஊஞ்சலாகவும், அழுக்குத்துணிப் பையாகவும் ஆகும். உள்ளே என்ன இருக்கிறது என்று தேடவேண்டியதில்லை, எறும்பு ஏறும் வழி ஒன்றே ஒன்றுதான், துரு என்ற பேச்சே இல்லை.

8. தண்ணீர்

“தண்ணியில்லாக் காடு” என்று பெயரெடுத்த மாவட்டம் இது. குழாய்த்தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. குடிநீரைக் குடமாகவோ 20 லிட்டர் கேனாகவோ வாங்கித்தான் ஆகவேண்டும். அறைத் திட்டத்தில் இதற்கு ஓரடிக்கு ஓரடி இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள். கதவருகே, ஆனால் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே இல்லாமல் இருக்கட்டும். மண்பானை வைத்திருப்பவர்கள் சன்னலோரத்தில் ஈரமணல்மேல் வைக்கலாம். மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் பானைத்தண்ணீர் நன்றாகக் குளிரும், கடற்காற்று ஈரமாக வரும் நாளில் அவ்வளவு குளிராது, பானைமேல் தவறில்லை.

9. மின்சாரம்

சிற்றறையில் பெரும்பாலும் ஒரே ஒரு சிறிய பிளக் பாயின்ட்தான் இருக்கும். அது 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் பெருக்கினால் 1,380 வாட். மடிக்கணினி, கைபேசி, விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் அதில் தாராளமாக அடங்கும். ஆனால் 1,500 வாட் கெட்டிலையோ 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பையோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் கம்பி சூடேறும். கெட்டில் வாங்கும்போதே 1,000 வாட்டுக்குள் பாருங்கள். பிளக்கின் பித்தளைக் கால்களிலும் உப்பு படியும், மாதம் ஒருமுறை கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

10. காலி செய்யும் நாள்

மாணவர் அறை எதுவும் நிலையானதில்லை, ஆகையால் வெளியேறும் நாளையும் திட்டத்தில் சேர்க்கவேண்டும். மூங்கில் ஆணிகளைத் தட்டி எடுத்து, மேற்பலகையைத் தூக்கி, சட்டத்தையும் கால்களையும் பிரித்தால் ஒரு பெஞ்சு ஐந்து தட்டையான துண்டுகளாகிவிடும். முழுப்பலகையின் எடை முப்பது கிலோவுக்கு மேல் என்பதால் ஒவ்வொரு பெஞ்சையும் தனிக்கட்டாகக் கட்டுங்கள், இருவர் மாடிப்படியில் எளிதாக இறக்கலாம். கொடிக்கயிற்றை அவிழ்த்து அதே கட்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கால்களில் எது எந்தக் காடிக்கு உரியது என்று பென்சிலால் எண் போட மறக்கவேண்டாம். நான் மறந்ததால் அடுத்த ஊரில் ஒரு முழு மாலையைச் செருகிப் பார்ப்பதிலேயே கழித்தேன்.